வெள்ளைப்பொதி

காலை பத்து மணிக்குச் செங்கொடி வெற்றிடப் பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த செங்கல் அளவுத் துண்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தை எடுக்கத் திரும்பினாள். திரும்பி வந்தால் மேசை காலியாக இருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. மூன்று வருட வேலை அது. ஆய்வுக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் எஸ்தர் வாளியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எஸ்தர் அக்கா, இங்க வெள்ளையா ஒண்ணு வச்சேனே. குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"நான் இன்னும் உள்ளேயே வரலையே மேடம்" என்ற எஸ்தர் தற்செயலாக அண்ணாந்தாள். "அதோ மேல ஒட்டிக்கிட்டு இருக்குதே, அதுவா? ஒட்டடைக் கம்பு கொண்டாரட்டுமா?"

துண்டு கூரையில் இருந்தது. நல்லவேளை, மின்விசிறி ஓடவில்லை. கம்பால் மெதுவாகத் தள்ளி, கைக்கெட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்து, செங்கொடி அதைப் பிடித்தாள். பிடியைத் தளர்த்தினாள். அது மறுபடி மேலே போயிற்று. வாயு பலூனைப் போல விருட்டென்று போகவில்லை. குளத்தடியில் அமுக்கிவிட்ட தேங்காய்மட்டை எழுந்து வருவதுபோல, அவசரமில்லாமல், ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து போயிற்று. பதினோரு முறை இறக்கினாள். பதினோரு முறையும் ஏறியது. எஸ்தர் வாளியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"உள்ள கேஸ் ஏதாச்சும் அடைச்சு வச்சிருக்கீங்களா மேடம்?"

"இல்லக்கா. உள்ள ஒண்ணுமே இல்ல. அதுதான் விஷயம்." "ஏரியில மண்டிக் கிடக்கிற ஆகாயத்தாமரை இருக்கே, அதோட தண்டைக் கிள்ளிப் பாத்திருக்கீங்களா? உள்ள பூரா சின்னச் சின்ன அறை. அந்த நாரைப் பிரிச்செடுத்து, தோசைமாவு மாதிரி அரைச்சு, உறைய வச்சோம். அப்புறம் ஐஸை உருகவிடாம அப்படியே ஆவியா வெளிய இழுத்துட்டோம். ஐஸ் இருந்த இடமெல்லாம் ஓட்டை. சுத்தி நார்ச் சுவர் மட்டும் நிக்குது. கடைசியா ஓட்டையில இருந்த காத்தையும் எடுத்துட்டு, மேல ஒரு தோலைப் போட்டு மூடிட்டோம். இப்ப இது காத்தைவிட லேசு. கட்டை தண்ணியில மிதக்குதில்ல, அந்த மாதிரி இது காத்துல மிதக்குது."

"வெளிய இருக்கிற காத்து அமுக்கிடாதா?"

"அமுக்கணும். இத்தனை நாளும் அமுக்கி நசுக்கித்தான் போட்டுச்சு. இன்னைக்கு நசுங்கல."

எஸ்தர் மறுபடி அண்ணாந்தாள். நீலம் கலந்த வெண்மை. ஓரங்கள் எங்கே முடிகின்றன என்று சொல்ல முடியாமல், உறைந்துபோன ஊதுவத்திப் புகை மாதிரி இருந்தது.

"ஆகாயத்தாமரைன்னு சும்மாவா பேரு வச்சிருக்காங்க" என்றாள்.

செங்கொடிக்கு அப்போது நாற்பத்தோரு வயது. எதையும் எடைபோட்டே பழகிய கை அவளுடையது. அன்று முழுக்க அந்தத் துண்டை எடைபோட அவளால் முடியவில்லை. தராசில் வைக்க வைக்க அது கிளம்பிக்கொண்டே இருந்தது.

விளம்பரத்துக்குக் கேட்டார்கள், ராணுவத்துக்குக் கேட்டார்கள், கல்யாண மண்டபத்து அலங்காரத்துக்குக்கூடக் கேட்டார்கள். செங்கொடி மனதில் வேறொன்று இருந்தது. நெடுங்கரட்டு மலையின் உச்சியில் மேல்தேன்கரடு என்று ஓர் ஊர். எழுபது வீடுகள். சாலை கிடையாது. நோயாளியைத் துணித்தூளியில் போட்டு, மூங்கிலில் கட்டி, பன்னிரண்டு ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிப் பதினோரு கிலோமீட்டர் இறங்கினால்தான் அடிவாரத்து வேங்கைப்பாடி ஆரம்ப சுகாதார நிலையம். அந்தத் தூளியின் புகைப்படம் ஒன்றைச் செய்தித்தாளில் அவள் பார்த்திருந்தாள். தூளிக்கு வெளியே ஒரு பெண்ணின் கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்த படம்.

முப்பது வருடமாகச் சாலை கேட்டுக்கொண்டிருந்த ஊர் அது. காட்டை வெட்ட அனுமதி கிடைக்கவில்லை. அந்தப் பொருளில் செங்கொடி திட்டமிட்ட மிதவைக்கு மூன்றே வாரத்தில் அனுமதி கிடைத்தது. மரம் வெட்ட வேண்டாம், மண் தோண்ட வேண்டாம். ஊரிலிருந்து அடிவாரத்துக்குப் பாறைக்குப் பாறை, மரத்துக்கு மரம் ஒரு வடக்கயிறு. பாரத்தை மிதவையே சுமந்துகொள்ளும். கயிறு வழிகாட்டினால் போதும். இரண்டு ஆளைத் தூக்க ஒரு வகுப்பறையைவிடச் சற்றுப் பெரிய மிதவை தேவைப்பட்டது. அதன் அடியில் தூளி. ஊரில் ஒரு கைச்சக்கரம், அடிவாரத்தில் ஒன்று. சுற்றினால் நாற்பது நிமிடத்தில் ஆள் கீழே.

அறிக்கையில் அதன் பெயர் மிதவை. மலைக்காரர்கள் பார்த்த அன்றே 'வெள்ளப்பொதி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வடம் கட்டும் வேலைக்கு ஊரிலிருந்து முன்னால் நின்றவன் சடையன். முப்பது வயதிருக்கும். பத்தொன்பது பேரைத் தூளியில் சுமந்து இறக்கியவன். அவன் இரண்டு தோளிலும் மூங்கில் அழுத்திய இடம் காய்த்துக் கறுத்திருந்தது. பத்தொன்பதில் நான்கு பேர் வழியிலேயே போய்விட்டார்கள் என்று, யாரும் கேட்காமல் அவனே சொன்னான். வெள்ளைப்பொதியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, மாட்டைத் தடவுவதுபோலத் தடவிப் பார்த்தான்.

"காத்தடிச்சா எப்படிங்க மேடம்?"

"பலமான காத்துல அவுக்கக் கூடாது. கயிறு அறுந்துடும். போர்டு எழுதி வைக்கிறேன்."

"ஆடி மாசம் பூரா இங்க காத்துதானுங்க. அம்மியே பறக்கும்."

"ஒரு மாசம்தானே சடையன்" என்றாள் செங்கொடி.

அவன் தலையை ஆட்டினான்.

அந்தக் கார்த்திகையில் சடையனின் மனைவி பொன்னுருவிக்கு வலி எடுத்தது. மிதவையில் இறங்கிய முதல் ஆள் அவள்தான். செங்கொடி அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மலை முழுக்க மூடுபனி. வடம் மட்டும் பனிக்குள்ளிருந்து நீண்டு வந்து மெல்ல அதிர்ந்தது. பிறகு பனியின் ஒரு பகுதி கெட்டியானது, விளிம்பு பிடித்தது, தனியாகப் பிரிந்து நகர ஆரம்பித்தது. மரத்தலைகளுக்கு மேல், சத்தமே இல்லாமல், ஒரு வெள்ளை வீடு மலையிறங்கி வந்தது. டிரைவர் பீடியைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். தான் செய்த பொருள் என்பது தெரிந்தும், செங்கொடிக்கும் உடம்பு சிலிர்த்தது.

தூளிக்குள் பொன்னுருவி சிரித்துக்கொண்டிருந்தாள். வலி வரும்போது பல்லைக் கடித்தாள். வலி விட்டதும் மறுபடி சிரித்தாள்.

"மேடம்," என்றாள் இறக்கும்போதே, "கழுகோட முதுகப் பாத்தனுங்க. எங்க ஊர்ல யாருமே பாத்ததில்ல. அது எனக்குக் கீழ பறந்துது."

ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

அந்த வாரமே செங்கொடி அரசுக்கு அறிக்கை எழுதினாள். எல்லாக் கணக்கையும் போட்டு முடித்தபிறகு, யாரும் கேட்காமலே கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தாள். 'சாலை வசதி இல்லாத மலைக்கிராமங்களுக்கு இம்மிதவை சாலைக்கு இணையான தீர்வாகும்.' இரண்டு முறை வாசித்துப் பார்த்தாள். அழகாக இருந்தது.

ஏழு மாதத்தில் முப்பத்தெட்டு பேர் அதில் இறங்கினார்கள். ஒருவர்கூட வழியில் சாகவில்லை. இனித் தூளி சுமக்க ஆள் வேண்டாம் என்பதால், அதுவரை ஊரைவிட்டு நகராமல் இருந்த இளைஞர்கள் போர்வெல் லாரிகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் வேலைக்குப் போனார்கள். சடையன் மட்டும் போகவில்லை. காட்டில் சாமை விதைத்திருந்தான்.

ஆடி பன்னிரண்டாம் தேதி மத்தியானம் பொன்னுருவி தொலைபேசியில் கூப்பிட்டாள். சமிக்ஞை விட்டு விட்டு வந்தது.

"மேடம், வெள்ளப்பொதி பத்திரமா இருக்குதுங்க. போர்டுல போட்டிருந்தபடி கட்டியேதான் வச்சிருந்தோம். அவுக்கல."

"என்னாச்சு பொன்னுருவி?"

"அவரப் பாம்பு கடிச்சிருச்சுங்க. நேத்து. சாமக்காட்டுல. கண்ணாடி விரியன்."

காற்று அன்று பாறையைப் புரட்டிக்கொண்டிருந்தது. ஊரில் சுமக்கிற வயதில் ஆண்கள் நான்கு பேர்தான். அதில் ஒருவன் சடையன். மற்ற மூன்று பேருக்கும் காய்ச்சல். பொன்னுருவியும், சடையனின் அக்கா வெள்ளச்சியும், இன்னும் ஆறு பெண்களும் தூளியைத் தூக்கினார்கள். ஒருவரும் அதுவரை மூங்கிலைத் தோளில் வைத்ததில்லை. தூளிக்குள்ளிருந்து சடையன்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தான், எங்கே காலை வைப்பது, எப்போது மூச்சை விடுவது என்று. ஆறாவது கிலோமீட்டரில் ஓடை. "எடத் தோளுக்கு மாத்துங்க, கல்லு வழுக்கும்" என்றான். மாற்றினார்கள். ஓடையைத் தாண்டி இறக்கிப் பார்த்தபோது உயிர் இல்லை.

"உங்க மேல வருத்தமில்லீங்க" என்றாள் பொன்னுருவி. "நீங்க சொன்னது சொன்னபடிதான் நடந்துது. ஆனா ரோடு ஃபைல மூடிட்டாங்களாமே? அது யாருகிட்டப் போயி கேக்குறதுங்க?"

ஃபைல் மூடியது செங்கொடிக்குத் தெரியாது.

மாவட்ட அலுவலகத்தில் சாலைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பெயர் அறவாழி. ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த, வெற்றிலைக் கறை படிந்த மனிதர். முன்கூட்டியே தெரிந்ததுபோல ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். பதினாறு மலைக்கிராமங்களின் சாலைக் கோரிக்கைகள் ஒரே நாளில் முடித்துவைக்கப்பட்டிருந்தன. காரணம் என்ற இடத்தில் அவளுடைய வாக்கியம், மேற்கோள் குறிக்குள், ஓர் எழுத்துகூட மாறாமல் இருந்தது.

செங்கொடி தாளை அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"நான் எழுதினது தப்பு. திருத்தி எழுதித் தரேன்" என்றாள்.

"தாங்க மேடம், சேத்துக்கிறேன். ஆனா ஃபைல் தொறக்காது. காட்டுக்குள்ள புதுசா ரோடு வெட்டுற அனுமதி இங்க இல்ல, மெட்ராஸ்லயும் இல்ல. அதுக்கு மேல போகணும். முப்பது வருஷமா போச்சு, வந்துச்சு. இப்ப உங்க மிதவையக் காட்டி ஒரேடியா முடிச்சிட்டாங்க."

"வேற வழியே இல்லையா சார்?"

அறவாழி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வழி உண்டு. வனச்சட்டம் வர்றதுக்கு முன்னாடியே அங்க வண்டிப்பாதை இருந்துச்சுன்னா, அது புது ரோடு இல்ல. பழசைச் சீர்படுத்துறது. அதை நானே எழுதி அனுப்புவேன்."

"முன்னாடி மாட்டுவண்டி போச்சுன்னு ஊர்ல சொல்றாங்களே."

"எல்லா ஊர்லயும் சொல்றாங்க. வெள்ளைக்காரன் காலத்து வரைபடம் வரைக்கும் எடுத்துப் பாத்துட்டேன். அந்த மலையில ஒரு கோடுகூட இல்ல மேடம். எனக்கு மட்டும் ஆசையில்லையா?"

செங்கொடி திருத்தம் எழுதிக் கொடுத்தாள். ஏழு மாதம் அலைந்தாள். ஒன்றும் நகரவில்லை. பங்குனி பிறந்ததும் ஒரு முடிவோடு மலையேறினாள். மிதவையைப் பிரித்து எடுத்துவிடுவது. அது இருப்பதால்தானே ஃபைல் மூடியது? இல்லாமல் போனால் திறந்துதானே ஆகவேண்டும்?

காடு முழுக்க இலையுதிர்ந்து கிடந்தது. காலடியில் சருகு நொறுங்கியது. ஓடையருகில் வழுக்குப் பாறையில் யாரோ மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். செங்கொடி அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறினாள்.

மிதவையை இப்போது பொன்னுருவிதான் ஓட்டிக்கொண்டிருந்தாள். கணவன் போன மூன்றாம் மாதமே, அந்த வேலை தனக்கு வேண்டும் என்று அவளாகக் கேட்டு வாங்கியிருந்தாள். குழந்தை வெள்ளச்சியின் இடுப்பில் இருந்தது. செங்கொடி சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"எடுத்துட்டுப் போனா அவரு வந்துருவாரா அக்கா?"

மேடம் எப்போது அக்காவானாள் என்பதை இருவரும் கவனிக்கவில்லை.

"ஃபைல் தொறக்கும்னு நெனைக்கிறேன்."

"தொறந்து, ரோடு வர்றதுக்கு எத்தன வருசமாகும்? இங்க மூணு பேரு மாசமா இருக்காங்க. அவங்கள யாரு எறக்குவா? நீங்க வந்து தூளி தூக்குவீங்களா?" பொன்னுருவி குரலை உயர்த்தவில்லை. "ரோடும் வேணும், இதுவும் வேணும். ஒண்ணக் குடுத்தா ஒண்ணப் புடுங்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

தன் படிப்பு முழுக்க, எங்கேயாவது ஒன்றைக் குறைத்தால்தான் இன்னொன்று கூடும் என்று பழகியவள் செங்கொடி.

பொன்னுருவி அவளையே பார்த்தாள். "ஆமா, நீங்க ஒரு தடவையாச்சும் இதுல ஏறியிருக்கீங்களா?"

"இல்ல."

"செஞ்சவங்களே ஏறலையா?" என்று வெள்ளச்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு உயரம்னா பயம்" என்றாள் செங்கொடி. அதை அவள் ஆய்வுக்கூடத்தில்கூட யாரிடமும் சொன்னதில்லை.

"ஏறுங்க. ஏறிப் பாத்துட்டு அப்புறம் எடுத்துட்டுப் போறதா வேணாமான்னு சொல்லுங்க."

தூளியில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மிதவை எழும்பாமலிருக்கப் பாரமாகக் கட்டியிருந்த தண்ணீர்ப் பைகளைப் பொன்னுருவி ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கினாள். வெள்ளச்சி குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மிதவையை நேர்மேலே விட மறுகையால் கயிற்றுச்சுருளைத் தளர்த்தினாள். தரை விலகியது. செங்கொடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குலுக்கல் இல்லை, இரைச்சல் இல்லை. ஊரின் சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகக் கீழே நின்றுபோயின. முதலில் ஆட்டுக்குட்டி. பிறகு உலக்கை. பிறகு குழந்தையின் குரல்.

"அக்கா, கண்ணத் தொறங்க."

திறந்தாள். தலைக்கு மேல் வெள்ளைப்பொதி ஒரு தனி வானமாக நின்றது. வெயில் அதன் ஊடாக வடிந்து, பொன்னுருவியின் முகத்தில் பால்நிறமாக விழுந்தது. ஏரியில் அழுகிக் கிடந்த தண்டுதான் இது. ஒன்றுமில்லாததை நார்ச்சுவருக்குள் பிடித்து வைத்தோம். அந்த ஒன்றுமில்லாதது இரண்டு உயிரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஐந்து வருடம் அதன் கணக்கைப் போட்டிருக்கிறாள். அதன் மடியில் உட்கார்ந்ததில்லை.

பிறகுதான் கீழே பார்த்தாள்.

மலை முழுக்கச் சாம்பல் நிறம். வேங்கையும் தேக்கும் குங்கிலியமும் இலையெல்லாம் கொட்டிவிட்டு, எலும்பும் நரம்புமாக நின்றன. அந்தச் சாம்பலின் நடுவே, ஊரின் மேற்கு ஓரத்தில் தொடங்கி, ஒரு பச்சைக் கோடு இறங்கியது. நேராக இறங்கவில்லை. சரிவைக் குறுக்கே அறுத்து, திரும்பி, மறுபடி குறுக்கே ஓடி, மறுபடி திரும்பியது. யாரோ பச்சை நூலை ஊசியில் கோத்து மலையைத் தைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

"பொன்னுருவி, அது என்ன?"

பொன்னுருவி எட்டிப் பார்த்தாள். அவள் இதற்குமுன் பலமுறை வந்திருக்கிறாள். ஆனால் வடத்தையொட்டி, மரத்தலைகளுக்குக் கொஞ்சம் மேலேதான். இவ்வளவு உயரத்துக்குக் கயிற்றை விட்டதில்லை; அதுவும் பங்குனியில் விட்டதே இல்லை.

"புளி" என்றாள் மெதுவாக. "புளியமரம் அக்கா. பங்குனியிலயும் எல கொட்டாது. அதோ அது கூனப்புளி. அது கொரங்குப்புளி. அந்த வளைவுல நிக்கிறது எங்க மாமியா வீட்டுப் புளி. ஒவ்வொண்ணாத் தெரியும். வருசா வருசம் போயி உலுக்குறோம். ஒண்ணா பாத்ததில்ல."

"காட்டுல புளி தானா இப்படி வரிசையா வளராது."

"வளராது. வண்டியில புளி ஏத்திட்டுப் போனாங்கன்னு சொல்லுவாங்க. மூட்டையிலயிருந்து சிந்துச்சோ, மாடு நிக்கிற நெழலுக்குன்னு நட்டாங்களோ."

இருவரும் வளைவுகளை எண்ணினார்கள். ஒன்பது. எண்ணி முடித்தபிறகும் இறங்கச் சொல்லிக் கயிற்றை அசைக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. நூறு வருடத்துக்கு முன் செத்துப்போன யாரோ வண்டிக்காரர்கள், தாங்கள் போன தடத்தை உயிரோடு விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் பார்ப்பதற்கு இவ்வளவு உயரத்தில் ஓர் இடம் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். செயற்கைக்கோள் படத்தில் இருந்திருக்கும். இந்த மாதத்தில், இந்த மலையை, ஒரு பாதை இருக்கிறதா என்று தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றியிருக்காது.

அடுத்த இரண்டு நாள் ஊரே கோட்டின் வழியே நடந்தது. ஆறு அங்குலச் சருகுக்குக் கீழே அடுக்குக்கல் வரிசை இருந்தது. பல இடங்களில் சரிந்திருந்தாலும் வரிசை வரிசைதான். ஓடையில் பாதி உடைந்த கற்பாலம் கிடந்தது, கொடிகள் மூடி. மஞ்சள் பூசிய வழுக்குப் பாறைக்கு அது இருநூறு அடி மேலே. பொன்னுருவி அந்தப் பாலக்கல்லில் உட்கார்ந்தாள். கீழே தெரிந்த பாறையைப் பார்த்தாள்.

"இந்தப் பக்கமா கொண்டாந்திருந்தா..." என்றாள். செங்கொடி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அறவாழி மறுவாரம் வந்தார். மிதவையில் ஏறும்போது, "எனக்கு ரெண்டு பொண்ணும்மா, பாத்து விடுங்க" என்று வெள்ளச்சியிடம் சொல்லிவிட்டு ஏறினார். மேலே போனதும் அவரும் கண்ணை மூடிக்கொண்டார். திறந்த பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வண்டிமாட்டுக்கு ஏத்த சரிவு" என்றார் பொன்னுருவியிடம். "இன்னைக்கு என் எஞ்சினியரை விட்டாலும் இதைவிட நல்லா போட மாட்டான். எவன் போட்டானோ!" மடியில் காகிதத்தை வைத்து ஒன்பது வளைவையும் வரைந்தார். கீழே 'பழைய வண்டிப்பாதை. நேரில் பார்த்தேன்' என்று எழுதித் தேதி போட்டார். இறங்கும்போது அவர் கன்னம் நனைந்திருந்ததைப் பொன்னுருவி பார்த்தாள்.

அனுமதி எட்டு மாதத்தில் வந்தது. ஒரு புளியமரத்தைக்கூட வெட்டவில்லை. வண்டி போன அகலமே ஜீப்புக்குப் போதுமானதாக இருந்தது. மறு வருடம் மாசியில், ஒரு மத்தியானம், முதல் ஆம்புலன்ஸ் மேல்தேன்கரட்டுக்கு ஏறி வந்தது. போர்வெல் லாரியில் போயிருந்த இளைஞர்களில் ஏழெட்டுப் பேர் அதற்காகவே ஊருக்கு வந்திருந்தார்கள். வெள்ளச்சி ஆம்புலன்ஸின் முன்சக்கரத்துக்குக் குங்குமம் வைத்துவிட்டு, யார் தடுத்தும் கேட்காமல் ஓடைவரைக்கும் அதில் உட்கார்ந்து போய்விட்டு நடந்து வந்தாள்.

கூட்டம் கலைந்தபிறகு பொன்னுருவி செங்கொடியிடம் வந்தாள்.

"அக்கா, இப்ப எங்களுக்கு ரோடு இருக்கு. அதனால வெள்ளப்பொதிய ஒரு மாசத்துக்கு அவுத்துக் குடுப்பீங்களா?"

"எதுக்கு?"

"மிச்சம் பதினஞ்சு ஊரு இருக்குதில்ல. அதே தாள்ல மூடுனது. பங்குனி வருது. எல கொட்டுற நேரம்."

செங்கொடி அவளைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவள். கணவனை இழந்தவள். இதை எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தாளோ. தானும் வருகிறேன் என்று செங்கொடி சொன்னபோது, பொன்னுருவி தலையசைத்து மறுத்துவிட்டாள். ஆய்வுக்கூடத்தில் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது என்றாள். ஆடிக்காற்றுக்குத் தாங்குகிற மாதிரி ஒரு பொதி வேண்டும், சின்னதாக, மீன் மாதிரி ஒடுக்கமாக. மண்ணில் விரலால் வரைந்தே காட்டினாள். செங்கொடி அந்தப் படத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டு இறங்கினாள்.

பங்குனி மூன்றாம் வாரம், ஆய்வுக்கூடத்தில் மீன்வடிவ அச்சு ஒன்றைச் செங்கொடி நிரப்பிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எஸ்தர் எடுத்து அவள் காதில் வைத்தாள். மறுமுனையில் காற்று லேசாக இரைந்தது.

"அக்கா, பெருங்கரட்டு மலைக்கு மேல நிக்கிறேன். நூறடி மேல."

"புளி தெரியுதா?"

"இல்லக்கா. ஒத்தப் புளிகூட இல்ல."

செங்கொடியின் கையிலிருந்த கரண்டி நின்றது. கீழே அந்த ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். என்ன சொல்லித் தேற்றுவது என்று தேடினாள்.

"இங்க இலுப்பமரம் அக்கா" என்றது பொன்னுருவியின் குரல். மூச்சு வாங்கியது. "வெளக்குக்கு எண்ணெ எடுக்க இலுப்பக்கொட்ட ஏத்திப் போயிருப்பாங்க போல. இப்பத்தான் கொழுந்து விடுது. மலை பூரா கறுப்பா கெடக்குது. உச்சியிலயிருந்து அடிவாரம் வரைக்கும், செக்கச்செவேல்னு ஒரு கோடு போகுதுக்கா."